எண்பதுக்கு மேலா, கீழா? இங்கிலாந்தில் ஃபிளாட் லீஸை நீட்டிக்க நினைப்பவர்களுக்கு

லண்டனின் ஹாரோவில் நான் 2011இல் வாங்கிய ஃபிளாட்டின் லீஸ் 2003 செப்டம்பர் 29ஆம் தேதி தொடங்குகிறது. 99 வருட லீஸ். வாங்கும்போது ஏஜென்ட், "இன்னும் 91 வருஷம் கிடக்கிறது, அது உங்கள் பேரப்பிள்ளைகளின் கவலை" என்றார். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். 2022 பிப்ரவரியில் விழித்துக்கொண்டபோது மிச்சமிருந்தது 80 வருடமும் ஏழு மாதமும். அந்த ஏழு மாதத்தை நான் எப்படித் தொலைத்தேன் என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். தொலைத்ததன் விலை ஏறத்தாழ ஒன்பதாயிரம் பவுண்ட்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். நம் ஆட்களுக்கு இந்த லீஸ் என்ற சொல்லே குழப்பம் தருவது. சென்னையில் 'லீஸுக்கு வீடு' என்றால் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, போகும்போது அந்தத் தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது. சொந்தமாக ஃபிளாட் வாங்கினால் அடிமனையில் பிரிக்கப்படாத பங்கு நம் பெயரில் பத்திரமாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் 'வாங்கினேன்' என்றால், பெரும்பாலும் இத்தனை வருடம் அதில் இருக்கும் உரிமையை வாங்கியிருக்கிறோம் என்றுதான் பொருள். மண்ணும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருடையவை. வருடங்கள் தீர்ந்தால் ஃபிளாட் அவரிடம் போய்விடும். ஒரு காசு திரும்பி வராது. யாரும் அந்தக் கடைசி நாள் வரை காத்திருப்பதில்லை. ஆனால் அது நெருங்க நெருங்க விலை கரையும், வங்கிகள் முகம் சுளிக்கும். எழுபதுகளுக்கு வந்துவிட்டால் சில வங்கிகள் கடனே தராது. அதனால்தான் லீஸை நீட்டிப்பது.

எந்த வழியில் நீட்டிப்பது என்று கேட்டு என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் வழியைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை வருடம் மிச்சம் என்று கேட்பேன். பாதிப்பேருக்குத் தெரியாது. மீதிப்பேர் வாங்கிய தேதியிலிருந்து எண்ணிச் சொல்வார்கள். எண்ண வேண்டியது லீஸ் தொடங்கிய தேதியிலிருந்து. லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசு இணையதளத்தில் ஏழு பவுண்ட் கட்டினால் டைட்டில் ரெஜிஸ்டர் என்ற உரிமைப் பதிவேட்டின் நகல் கிடைக்கும், அதிலேயே தேதியும் காலமும் இருக்கும். (கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரத் தளங்கள் அதே தாளுக்கு இருபது முப்பது பவுண்ட் கேட்பார்கள். அரசுத் தளமா என்று பார்த்துப் போங்கள்.)

கவுன்சில் ஃபிளாட் வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1980இல் வந்த ரைட் டு பை (கவுன்சில் வாடகைக்காரர் தான் இருக்கும் வீட்டையே வாங்கும் உரிமை) சட்டத்தின் கீழ் விற்கப்பட்டவை பொதுவாக 125 வருட லீஸ். 125 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். 1985இல் தொடங்கிய லீஸுக்கு 2030இல் சரியாக 80தான் மிச்சம். இன்னொரு சிக்கலும் உண்டு. அதே கட்டடத்தில் முதலில் விற்ற ஃபிளாட்டின் லீஸ் எந்தத் தேதியில் முடிகிறதோ, பிறகு விற்றவற்றையும் அதே தேதியில் முடியும்படி கவுன்சில் எழுதலாம். அதனால் 2005இல் கவுன்சிலிடமிருந்து வாங்கியவருக்கும் 1983இன் கணக்கே ஓடிக்கொண்டிருக்கலாம்.

எண்பது என்ற கோடு

லீஸை நீட்டிக்கக் கொடுக்கும் தொகைக்குப் பிரீமியம் என்று பெயர். இப்போது நடைமுறையில் இருப்பது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு. அதில் மூன்று உருப்படிகள். ஒன்று, நீங்கள் மிச்சக் காலத்துக்குக் கட்டியிருக்கக்கூடிய கிரவுண்ட் ரென்ட்டை, அதாவது வருடாந்தர நிலவாடகையை, ஃப்ரீஹோல்டர் இழக்கிறார், அதற்கு ஈடு. இரண்டு, லீஸ் முடியும்போது அவருக்கு வந்திருக்க வேண்டிய ஃபிளாட் இன்னும் 90 வருடம் தள்ளிப்போகிறது, அதற்கு ஈடு. மூன்றாவதுதான் வில்லங்கம்: மேரேஜ் வேல்யூ. லீஸ் நீண்டதும் ஃபிளாட்டின் விலை ஏறுகிறதல்லவா, முதல் இரண்டு உருப்படிகளையும் கழித்தபின் அந்த ஏற்றத்தில் சரிபாதி ஃப்ரீஹோல்டருக்கு. 80 வருடத்துக்கு மேல் மிச்சமிருந்தால் மூன்றாவது உருப்படி கிடையாது. 80க்கு வந்துவிட்டால் உண்டு. சரியாக 80 என்றாலும் உண்டு. 'மேல்' இருக்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நீண்ட லீஸோடு விற்றால் 3,50,000 பவுண்ட் போகும் ஃபிளாட், வருடம் 100 பவுண்ட் கிரவுண்ட் ரென்ட், அது ஏறாது என்று வைத்துக்கொள்வோம். வருங்கால ஃபிளாட்டை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஃபிளாட்களுக்கு வழக்கமாக எடுப்பது 5 சதவீதம். 2006இல் ஸ்போர்டெல்லி வழக்கில் நிலைபெற்ற விகிதம் அது. கிரவுண்ட் ரென்ட்டுக்கு 6 சதவீதம் எடுக்கிறேன்.

82 வருடம் மிச்சமிருந்தால்: இரண்டாவது உருப்படி சுமார் 6,400, முதல் உருப்படி சுமார் 1,650. மொத்தம் எட்டாயிரம் பவுண்ட்.

78 வருடம் மிச்சமிருந்தால்: அதே இரண்டும் 7,800, 1,650. இதுவரை பெரிய வித்தியாசமில்லை. இப்போது மேரேஜ் வேல்யூ சேர வேண்டும். 78 வருட லீஸின் மதிப்பு நீண்ட லீஸின் மதிப்பில் 92 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ஏற்றம் 28,000. அதிலிருந்து முதல் இரண்டு உருப்படிகளையும் கழித்து மிஞ்சுவதில் பாதி 9,300 வரும். மொத்தம் 18,700.

நாலே வருடம். எட்டாயிரம் பதினெட்டாயிரத்து எழுநூறு ஆகிவிட்டது. அந்த 92 என்பது நான் எடுத்துக்கொண்ட எண்தான். இரண்டு தரப்புச் சர்வேயர்களும் (சொத்து மதிப்பீட்டாளர்கள்) அடித்துக்கொள்வதே அந்த ஒரு எண்ணுக்காக. ஒருவர் 94 என்பார், மற்றவர் 89 என்பார், ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஆயிரத்து எழுநூறு எண்ணூறு பவுண்ட் அசையும்.

65 வருடம் மட்டுமே மிச்சமென்றால், அதே முறையில் 83 சதவீதம் என்று எடுத்தால், 38,000 பவுண்ட் வருகிறது. அதில் 21,600 மேரேஜ் வேல்யூ மட்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காத்திருப்பதைப் பற்றிப் பேசும்போது வேண்டும்.

சட்டப்படி போவது

1993 சட்டத்தின் 42ஆம் பிரிவின் கீழ் ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுப்பது முதல் வழி. ஆங்கிலேயர் எல்லாரும் செக்‌ஷன் 42 என்றே சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம். இதில் கிடைப்பது தெளிவானது: மிச்சமிருக்கும் வருடங்களோடு இன்னும் 90, கிரவுண்ட் ரென்ட் பூச்சியம். சட்டத்தில் பூச்சியம் என்று எழுத மாட்டார்கள், 'ஒரு மிளகு' வாடகை என்று எழுதுவார்கள். யவனர்கள் நம் கடற்கரைக்கு வந்து பொன்னைக் கொட்டிக் கொடுத்து வாங்கிப்போன சரக்கு இன்றைக்கு லண்டனில் மதிப்பே இல்லாததற்கு அடையாளமாகிவிட்டது. என் புதிய லீஸில் அதைப் படித்தபோது கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது.

இந்த வழியின் உண்மையான பலம் 90 வருடத்தில் இல்லை, தேதியில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்த நாளில் எத்தனை வருடம் மிச்சமோ அந்தக் கணக்கு உறைந்துவிடும். அதற்குப் பிறகு பேரம் ஒரு வருடம் இழுத்தாலும் 80க்குக் கீழே போய்விட்டாய் என்று யாரும் சொல்ல முடியாது. ஃப்ரீஹோல்டர் பதில் நோட்டீஸ் தர நீங்கள் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் கொடுக்க வேண்டும். அவர் பதிலே தராமல் கோட்டை விட்டால் நீங்கள் கேட்ட விலைக்கே லீஸைத் தரும்படி கவுண்டி கோர்ட்டை நாடலாம். பெரிய ஃப்ரீஹோல்டர்கள் அப்படித் தவறவிட மாட்டார்கள், ஆசைப்பட வேண்டாம். பதில் வந்தபின் விலை ஒத்துவராவிட்டால் ஆறு மாதத்துக்குள் ட்ரிபியூனலுக்கு (இத்தகைய சொத்துத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம்) விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நோட்டீஸே செத்துவிடும், அடுத்த நோட்டீஸ் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலானவை விண்ணப்பம் போட்டபிறகு, விசாரணைக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. இரண்டு சர்வேயர்களும் தொலைபேசியில் பேசி நடுவில் ஓர் இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் ஃபிளாட்டை வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகுதான் இந்த நோட்டீஸ் கொடுக்கலாம். 2025 ஜனவரி 31 முதல் அந்த நிபந்தனை நீங்கிவிட்டது.

செலவுதான் இதன் குறை. உங்கள் சொலிசிட்டர், உங்கள் சர்வேயர் போக, ஃப்ரீஹோல்டருடைய சொலிசிட்டருக்கும் சர்வேயருக்கும் ஆகும் நியாயமான செலவையும் நீங்களே கட்ட வேண்டும். எதிராளியின் வக்கீலுக்கும் நாம்தான் கூலி. ட்ரிபியூனலில் அவர் வாதாடும் செலவு மட்டும் இதில் சேராது. எல்லாம் சேர்த்துப் பிரீமியத்துக்கு மேல் நான்கிலிருந்து ஆறாயிரம் பவுண்ட் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுத்ததும் நீங்கள் சொன்ன விலையில் பத்து சதவீதத்தை முன்பணமாகக் கேட்கும் உரிமையும் ஃப்ரீஹோல்டருக்கு உண்டு. இன்னொன்று: நோட்டீஸில் சின்னப் பிழை இருந்தாலும் செல்லாது என்று வாதாடுவார்கள். வீடு வாங்கும்போது பத்திரவேலை பார்த்துத் தந்த தெரிந்த சொலிசிட்டரிடம் நட்புக்காக இதைக் கொடுக்காதீர்கள். இதையே தொழிலாகச் செய்பவரைப் பிடியுங்கள்.

பேசி முடிப்பது, அல்லது நான் தொலைத்த ஏழு மாதம்

இரண்டாவது வழி, நோட்டீஸ் எதுவும் இல்லாமல் ஃப்ரீஹோல்டரிடம் நேரே கேட்பது. ஒரு மின்னஞ்சல் போதும். விலை சொல்வார், பிடித்தால் முடித்துக்கொள்ளலாம். சர்வேயர் இல்லை, ட்ரிபியூனல் இல்லை, செலவும் பாதிதான். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

2022 பிப்ரவரியில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து மிக மரியாதையாக ஒரு பதில்: மதிப்பிடுவதற்கு முந்நூறு பவுண்ட் கட்டவும். கட்டினேன். ஏப்ரலில் ஒரு விலை வந்தது, நியாயமாகவே இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அதற்குப் பதில் வர ஐந்து வாரம். பிறகு இயக்குநர்கள் கூட்டம் நடக்க வேண்டும் என்றார்கள். பிறகு கோப்பைப் பார்ப்பவர் விடுமுறை. ஆகஸ்ட்டில் எல்லாம் தயார், ஒப்பந்தம் வருகிறது என்றார்கள். செப்டம்பர் 29 வந்தது, போனது. அக்டோபரில் வந்த கடிதத்தில் அதே மரியாதை, ஆனால் எண் வேறு. லீஸ் 80க்குக் கீழே போய்விட்டதால் மறுமதிப்பீடு செய்ய வேண்டியதாயிற்று என்று வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, வெறும் அசமந்தமா என்று என்னால் சொல்ல முடியாது. எட்டாயிரத்துச் சொச்சத்தில் முடிய வேண்டியது பதினேழாயிரத்தில் முடிந்தது. கடைசியில் செக்‌ஷன் 42தான் கொடுத்தேன். அதை மார்ச்சிலேயே கொடுத்திருக்கலாம்.

கையெழுத்தாகும்வரை பேச்சுவார்த்தை எதையும் கட்டுப்படுத்தாது. இன்று சொன்ன விலை நாளை இல்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நேரம் பிரச்சினையில்லை என்றாலும் அவர்கள் தரும் சலுகையை உற்றுப் பார்க்க வேண்டும். 'லீஸை மறுபடி 99 ஆக்கித் தருகிறோம், வெறும் ஆறாயிரம்' என்று வரும். 82 இருக்கிறவருக்கு அது 17 வருடம் மட்டுமே. பத்தொன்பது வருடத்தில் மறுபடி 80இல் நிற்பீர்கள், மறுபடி பணம். சட்டப்படி போனால் எட்டாயிரத்துக்கு 90 வருடம் கிடைக்கும் இடத்தில் இது எப்படி மலிவாகும்? முன்பு இதைவிட மோசம். நீட்டிப்போடு பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிரவுண்ட் ரென்ட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். 2022 ஜூன் 30 முதல் எழுதும் லீஸ்களில் அதற்கு வழியில்லை. பழைய லீஸின் மிச்சக் காலத்துக்குப் பழைய வாடகை தொடரலாம், நீட்டித்த வருடங்களுக்கு ஒரு மிளகுதான். ஆனால் மிச்சக் காலம் என்பதே எழுபது எண்பது வருடம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏறும் வாடகை உங்கள் பழைய லீஸில் இருந்தால் இந்த வழியில் அது அப்படியே உங்களோடு வரும். செக்‌ஷன் 42இல் அன்றே ஒழிந்துவிடும். வங்கிக்கடன் இருப்பவர்கள் வங்கியின் சம்மதத்தையும் தனியாக வாங்க வேண்டும்.

அப்படியென்றால் பேசி முடிப்பது யாருக்குமே பொருந்தாதா? பொருந்தும். ஃப்ரீஹோல்டர் மேல்மாடியிலோ கீழ்மாடியிலோ இருக்கும் மனிதராக இருந்தால், ஒரு தேநீரோடு பேசி 999 வருடம் வாங்கியவர்களும் உண்டு. 88, 90 வருடம் மிச்சமிருந்து அவசரம் இல்லாதவர்களும் கேட்டுப் பார்க்கலாம். நல்ல விலை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இழுத்தால் நோட்டீஸ் கொடுங்கள். 82க்குக் கீழே வந்துவிட்டவர்கள் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு அப்புறம் எத்தனை மரியாதையாக வேண்டுமானாலும் பேசலாம்.

எல்லாரும் சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்குவது

இதுதான் நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, கூடிவந்தால். கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஃபிளாட்களாவது நீண்ட லீஸில் இருக்க வேண்டும், மொத்த ஃபிளாட்களில் பாதியாவது சேர வேண்டும். இரண்டே ஃபிளாட் உள்ள வீடென்றால் இருவரும் சேர வேண்டும். கடை இருக்கும் கட்டடமென்றால், குடியிருப்பு அல்லாத பகுதி 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கீழே இரண்டு கடை, மேலே இரண்டு ஃபிளாட் என்ற ஈஸ்ட் ஹாம், டூட்டிங் வகைக் கட்டடங்கள் பல இதில் அடிபட்டுப் போகும். 2024இல் வந்த ஒரு சட்டம் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) இதை 50 ஆக்குகிறது, ஃப்ரீஹோல்ட் வாங்குவதற்கு அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

வாங்கிய பிறகு நீங்களே நிலக்காரர். ஆளுக்கு 999 வருட லீஸ் எழுதிக்கொள்ளலாம், பிரீமியம் இல்லை. சர்வீஸ் சார்ஜும் காப்புறுதியும் உங்கள் கையில். ஆனால் சேராதவர்களின் பங்குப் பணத்தையும் சேர்ந்தவர்களே போட வேண்டும். கம்பெனி பதிய வேண்டும், வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், கூரை ஒழுகினால் யாரிடமும் புகார் சொல்ல முடியாது. சீட்டுப் பிடித்தவர்களுக்குத் தெரியும், பத்துப் பேரைப் பணத்துக்காக ஒரே நாளில் ஒரே மனதாக நிறுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று. எட்டு ஃபிளாட் வரை சாத்தியம், நாற்பது ஃபிளாட் என்றால் யாராவது ஒருவர் தன் மாலைநேரங்களை இரண்டு வருடத்துக்குத் தியாகம் செய்ய வேண்டும். எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு. மூன்று பேர் கூட்டத்துக்கு வந்தார்கள், அதில் ஒருவர் பார்க்கிங் பிரச்சினை பேச வந்தவர்.

விளம்பரத்தில் 'ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட்' என்று பார்த்ததும் லீஸ் கவலை தீர்ந்தது என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஃப்ரீஹோல்டில் பங்கு இருந்தாலும் ஃபிளாட்டின் லீஸ் தனியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். முந்தைய உரிமையாளர்கள் 999க்கு நீட்டி எழுதினார்களா என்று பாருங்கள். எழுதாமல் 68 வருடத்தில் நிற்கும் ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட் ஃபிளாட்களும் சந்தைக்கு வருகின்றன.

சட்டம் வரட்டும் என்று காத்திருப்பது

இப்போது எல்லாரும் கேட்பது இதைத்தான். 2024 மே 24ஆம் தேதி அரச ஒப்புதல் பெற்ற சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி மேரேஜ் வேல்யூ ஒழியும், நீட்டிப்பு 90 வருடத்துக்குப் பதில் 990 ஆகும், கணக்குக்கு எடுக்கும் கிரவுண்ட் ரென்ட்டுக்கு ஃபிளாட் மதிப்பில் 0.1 சதவீதம் என்ற உச்சவரம்பு வரும், ஃப்ரீஹோல்டரின் வக்கீல் செலவைப் பொதுவாக அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்கத் தேனாக இருக்கிறது. ஃப்ரீஹோல்டர்கள் சொத்துரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போனார்கள், 2025 அக்டோபரில் தோற்றார்கள். ஆனாலும் 2026 தொடக்கத்தில் நான் இதை எழுதும்போது இந்த விலைக்கணக்கு விதிகள் நடைமுறைக்கு வரவில்லை. கணக்கில் பயன்படுத்த வேண்டிய வட்டி விகிதங்களை அமைச்சர் இன்னும் நிர்ணயிக்க வேண்டும். அந்த விகிதம் குறைந்தால் 80க்கு மேல் இருப்பவர்களின் பிரீமியம் கூடவும் செய்யும். 5 சதவீதத்தை 4.5 ஆக்கினால் என் உதாரணத்தில் 82 வருடத்துக்கு 6,400 என்று வந்த உருப்படி 9,500ஐத் தொடும்.

காத்திருப்பது சரியா தவறா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வருடக்கணக்கைப் பொறுத்து விடை தலைகீழாக மாறுகிறது.

82 இருப்பவர் காத்திருந்து என்ன மிச்சம் பிடிப்பார்? மேரேஜ் வேல்யூ அவருக்கு இப்போதே இல்லை. எதிராளியின் வக்கீல் கூலி இரண்டு மூவாயிரம் மிஞ்சலாம். ஆனால் சட்டம் இரண்டு வருடத்துக்குள் வராவிட்டால் அவர் கோட்டைத் தாண்டிக் கீழே விழுகிறார், பத்தாயிரம் போகிறது. மூவாயிரம் கிடைக்குமென்று பத்தாயிரத்தை வைத்து ஆடும் ஆட்டம் இது. நான் ஆட மாட்டேன்.

65 இருப்பவருக்கு நேர் எதிர். அவர் இழக்கக்கூடியதை ஏற்கெனவே இழந்துவிட்டார். காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் பிரீமியம் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு பவுண்ட் ஏறுகிறது, அவ்வளவுதான். சட்டம் வந்தால் மிஞ்சுவது இருபத்தோராயிரத்துக்கு மேல். மூன்று வருடம் காத்திருந்தாலும் கணக்கு அவர் பக்கம். அவர் விற்க வேண்டியிருக்கக் கூடாது, வங்கிக்கடன் புதுப்பிக்க வேண்டியிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

78, 79இல் நிற்பவர்களுக்குத்தான் சொல்வதற்குக் கஷ்டம். மிஞ்சுவது ஒன்பதாயிரம், காத்திருப்பதன் விலை வருடம் ஆயிரத்துச் சொச்சம். விற்கும் யோசனை இல்லையென்றால் நான் காத்திருக்கவே சொல்வேன், கொஞ்சம் தயக்கத்தோடு. 95க்கு மேல் இருப்பவர்கள் எதுவும் செய்ய வேண்டாம். காசை வைத்துக் கடனை அடையுங்கள்.

விற்கப் போகிறவர்கள்

குறைந்த லீஸோடு அப்படியே விற்றால் வாங்குபவர் பிரீமியத்தையும் கழிப்பார், தன் தலைவலிக்கும் சேர்த்துக் கழிப்பார். கையில் பணம் இல்லாவிட்டால் நடுவழி ஒன்று உண்டு: நீங்கள் செக்‌ஷன் 42 நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, ஃபிளாட்டோடு அந்த நோட்டீஸின் உரிமையையும் வாங்குபவருக்கு எழுதிக்கொடுப்பது. பிரீமியத்தை அவர் கட்டுவார். இரண்டு வருட நிபந்தனைதான் போய்விட்டதே, வாங்குபவரே கொடுத்துக்கொள்ளட்டும் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். அவர் பெயர் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஏறிய பிறகுதான் அவரால் கொடுக்க முடியும், அதற்குச் சில நேரம் மாதக்கணக்காகிறது. 80 வருடமும் நான்கு மாதமும் மிச்சமிருக்கும் ஃபிளாட்டில் அந்த இடைவெளி போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

எந்த வழி என்று தீர்மானிக்கும் முன்னால் லீஸ் என்ற பெயரிலேயே இயங்கும் அரசு ஆலோசனை அமைப்பிடம் இலவசமாகப் பேசலாம். அவர்களின் இணையதளத்தில் பிரீமியத்தை உத்தேசமாகக் கணக்கிடும் கருவியும் இருக்கிறது. ஏறும் கிரவுண்ட் ரென்ட் உள்ளவர்களுக்கு அந்தக் கருவி சரிப்படாது, நேரே சர்வேயரிடம் போங்கள்.

ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தெரிந்த அண்ணர் ஒருவர் 64 வருடத்தில் நிற்கிறார். பிள்ளைகள் 'இப்பவே நீட்டுங்கோ அப்பா' என்று நெருக்குகிறார்கள். இருவரும் உட்கார்ந்து மேலே சொன்ன கணக்கைப் போட்டோம். விற்கும் எண்ணம் அவருக்கில்லை, ஆனால் வங்கிக்கடனின் நிலையான வட்டிக்காலம் 2028 மார்ச்சில் முடிகிறது. அன்றைக்கு 62 வருடம் இருக்கும், பல வங்கிகள் புதிதாகத் தொடாது. நோட்டீஸ் கொடுத்து முடிய எட்டு ஒன்பது மாதம் பிடிக்கும். அதனால் 2027 ஜூன் வரை சட்டத்துக்காகக் காத்திருப்பது, வரவில்லையென்றால் நாற்பதாயிரத்தைக் கட்டிவிடுவது என்று முடிவு. சமையலறையில் தொங்கும் முருகன் கோவில் காலண்டர் 2026உடன் முடிந்துவிடுவதால், அதன் கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.